கடிக்கத் தெரியாத பாம்பு

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு டிபன் டப்பா. மூடியில் முயல் படம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையுடையது என்று பார்த்தாலே தெரியும். அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அந்த மனிதர் அவசரப் பிரிவுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால், கார் ஓட்டி வந்தவரின் தோளைப் பிடித்தபடி, ஒரு பெண் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

"சிஸ்டர், எம்பட சம்சாரத்தப் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க. அடிச்சுக் கையோட கொண்டாந்துட்டேனுங்க" என்றார்.

காலை டியூட்டிக்கு நான் அப்போதுதான் வந்திருந்தேன். மனைவியைக் காட்டுவதற்கு முன்னால் டப்பாவைத்தான் என்னிடம் நீட்டினார். வாங்கித் திறந்தேன். உள்ளே செய்தித்தாள் துண்டின் மேல் ஒரு சாண் நீளத்தில், ஷூ லேஸ் பருமனில், கருத்துப் பளபளவென்று ஒன்று கிடந்தது. நடுவில் நசுங்கியிருந்தது. தலை எது, வால் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. மண்புழு என்று நினைத்து யாரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

அது புழுப்பாம்பு. அந்தப் பாம்பு யாரையும் கடிக்காது, கடிக்கவும் முடியாது. அப்படியானால் இந்தப் பெண்ணைக் கடித்தது வேறு ஏதோ ஒன்று.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். கண் இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கி விழிக்க முயல்கிறாள், முடியவில்லை. அவள் பெயர் சாந்தாமணி. கட்டிலில் படுக்க வைத்தபோது, நாக்குக் குழறக் குழறப் புருஷனிடம் ஒன்று கேட்டாள்.

"பாப்பா டப்பாவ... ஏனுங்க எடுத்தீங்க?"

அதற்குப் பிறகு அவள் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

பையிலும் ஜாடியிலும்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள், போன வாரம் பிரசவ வார்டு கலாட்டாவை எழுதியதுபோல இந்த வாரமும் சிரிக்க ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தால் மன்னிக்க வேண்டும். கொஞ்சம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது கோவை – பொள்ளாச்சி சாலையோரம், கிணத்துக்கடவு தாண்டி ஓர் அரசு மருத்துவமனை. சுற்றிலும் தென்னந்தோப்பு, நார் மில், நாற்றுப் பண்ணை. பாம்புக்கடி இல்லாத வாரமே இருக்காது. பாம்பு இல்லாமல் பாம்புக்கடிக்காரர் வருவதும் இருக்காது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கடித்த பாம்பை அடித்து, எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்கள்.

மஞ்சள் பையில் வரும், ஊறுகாய் ஜாடியில் வரும், தண்ணீர் பாட்டிலில் வரும். ஒருவர் உர மூட்டைக்குள் உயிரோடு கொண்டுவந்து, "பாத்துத் தொறங்க சிஸ்டர், கோவத்துல இருக்குது" என்றார். அன்றைக்கு எங்கள் மருந்தாளுநர் ஏறி நின்ற மேசை, அதற்குப் பிறகு நேராக நிற்கவே இல்லை. இன்னொருவர் வால் துண்டு மட்டும் கொண்டுவந்து, மீதி ஓடிப்போய்விட்டது என்று என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

நான் கத்துவேன். "ஆளக் கொண்டாங்கன்னா பாம்பக் கொண்டாறீங்களே! பாம்புக்கா பெட்டு போடறது?" என்பேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் அவர்கள் பங்காளி இன்னொரு பையோடு வந்து நிற்பார்.

இந்த வழக்கத்தை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களே அப்படித்தான் கேட்டார்கள். என்ன பாம்பு, என்ன நிறம், பார்த்தாயா, பார்க்காமல் ஏன் வந்தாய் என்று அதட்டினார்கள். நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். அவர்கள் கொண்டுவருவதை விடவில்லை. விட்டுவிடுங்கள் என்று ஊர் ஊராகப் போய் யாரும் சொல்லவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

காதில் பஞ்சு

புழுப்பாம்பு எனக்குப் பழைய சிநேகிதம். கோவையில் நர்ஸிங் படித்த காலத்தில், மழை பெய்தால் போதும், எங்கள் ஹாஸ்டல் குளியலறைச் சாக்கடைத் துவாரத்திலிருந்து ஒன்றிரண்டு நெளிந்து வரும். இருபது பெண்கள் ஒரே குரலில் அலறுவோம்.

பெருந்துறைக்காரி ஒருத்தி இருந்தாள், கற்பகம் என்று பெயர். அது தூங்குகிறவர்களின் காதுக்குள் புகுந்துவிடும் என்று சத்தியம் செய்தாள். அவள் மாமன் மகன் காதிலேயே புகுந்ததாம். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவளை நம்பி அந்த மழைக்காலம் முழுக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினோம். காலை ஜெபத்துக்கு வார்டன் மதர் கூப்பிட்டது காதில் விழாமல் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அது என்ன ஜீவன் என்று எனக்குப் புரிந்தது ரொம்ப வருடம் கழித்துத்தான். கால் முறிந்து எங்கள் வார்டில் கிடந்தார் ஒரு விலங்கியல் பேராசிரியர். படுத்தபடியே பாடம் நடத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் புழுப்பாம்பு வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

கண் என்று பார்த்தால் செதிலுக்கடியில் இரண்டு கரும்புள்ளி, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும் என்றார். வாய் அடிப்பக்கத்தில், அத்தனை சிறியது. நம் தோலைக் கவ்வ முடியாது. எறும்பு முட்டையும் கரையான் முட்டையும்தான் சாப்பாடு. கையில் பிடித்தால் வால் நுனியால் லேசாகக் குத்தும், அதைத்தான் கடித்துவிட்டது என்கிறார்கள். மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே சாகிற ஜீவன். பூந்தொட்டி மண்ணோடு ஊர் ஊராகப் போய், கப்பலேறி உலகம் பூராவும் பரவிவிட்டது.

"இதுல ஆணே கெடையாதும்மா. அத்தனையும் பொண்ணு. ஒண்ணு போய்ச் சேந்தாப் போதும், தானாக் குஞ்சு பொரிச்சுக்கும்" என்று முடித்தார்.

"குடுத்து வெச்ச பாம்புங்க சார்" என்றேன். வார்டே சிரித்தது. எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் பேராசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

டிபன் டப்பாவைத் திறந்த அந்தக் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் ஒரே நொடியில் மனதில் ஓடியது.

ரோஜாத் தொட்டிக்கு அடியில்

சாந்தாமணியின் கணவர் குமரவேலுக்கு நார் மில்லில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. நடந்ததை அவர் வாயாலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

நால்வரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு வயிறு வலித்து விழிப்பு வந்திருக்கிறது. முழங்கை மேல் என்னவோ ஊர்ந்து இறங்கிச் சுவரோரம் போனதுபோல் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. முழங்கையில் கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளி. வலி இல்லை, வீக்கம் இல்லை.

அவர் உடனே வண்டியைத் தேடவில்லை, பாம்பைத் தேடினார்.

"எங்கண்ணனுக்குச் சின்ன வயசுல கடிச்சப்ப, என்ன பாம்புன்னு தெரியாம வந்து நின்னா எந்த மருந்தப் போடறதுன்னு ஆஸ்பத்திரில பேசிப்போட்டாங்க. எங்கப்பன் அப்பிடியே நின்னாரு, கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க. அதான் பாக்காமப் போகக் கூடாதுன்னு..." என்றார்.

அரிசி டிரம்மை நகர்த்தினார். கிரைண்டரை நகர்த்தினார். அடுப்படியில் விறகு அத்தனையையும் வெளியே வீசினார். சாந்தாமணி வாசற்படியில் உட்கார்ந்து அவருக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பீரோவுக்குப் பின்னாடி பாருங்க, மூட்டைக்கு அக்கட்ட பாருங்க என்று அவளும் சேர்ந்துதான் தேடியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தொண்டை கவ்வுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கண் செருகியது.

"தூக்கங் கெட்டதுல கண்ண இழுக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேனுங்க. சித்த செவுத்துல சாஞ்சுக்கோன்னு சொன்னேன்."

நன்றாக வெளுத்த பிறகு வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியைத் தூக்கியிருக்கிறார். நாற்றுப் பண்ணையிலிருந்து அவளுக்காக வாங்கி வந்த செடி. அதன் அடியில் ஈர மண்ணில் இது நெளிந்தது. செருப்பால் அடித்தார். கைக்குக் கிடைத்த டப்பாவில் போட்டார். பிறகுதான் மில்லுக்கு போன் செய்து கார் வரவழைத்தார்.

அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் டியூட்டி டாக்டர் விஷமுறிவு ஊசியைத் தொடங்கிவிட்டார். ஈரோட்டுப் பையன், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, ஆனால் கெட்டிக்காரர். இமையையும் மூச்சையும் பார்த்த உடனே கட்டுவிரியன் என்று என் காதோடு சொன்னார். அந்த டப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமரவேல் அதைக் கவனித்தார்.

"டாக்டர் பாம்பப் பாக்கவே இல்லீங்களே, சிஸ்டர்?"

சாந்தாமணியின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்த ஆரம்பித்தேன். கோவைக்கு அனுப்ப நூற்றியெட்டுக்குச் சொல்லியாயிற்று.

சொல்லாமல் முடியாது

பையை அழுத்திக்கொண்டே, "புள்ளைங்க எங்கீங்க தம்பி?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டேன்.

"ஊட்டுலதானுங்க. பாம்பத்தான் அடிச்சாச்சே, இன்னுஞ் சித்த தூங்கட்டும்னு மறுபடி பாயிலயே படுக்க வெச்சுப்போட்டு வந்தேன். பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்கறாங்க."

என் கை நின்றுவிட்டது. டாக்டர் என் தோளைத் தட்டிய பிறகுதான் மறுபடி அழுத்தினேன்.

அந்த மனிதர் தன் மனைவியின் தலைமாட்டில் நிற்கிறார். ஜெயித்தவர் மாதிரிதான் நிற்கிறார். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டோம், பாம்பைப் பிடித்துவிட்டோம், இனி டாக்டர் பாடு என்று நம்புகிறார். இது அந்தப் பாம்பு இல்லை என்று நான் சொன்னால், அவ்வளவு நேரம் எதைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அங்கேயே விளங்கிவிடும். மூச்சுக்குத் திணறுகிற மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விளங்கும். அவளைக் கோவைக்கு அனுப்பிய பிறகு, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துச் சொன்னால் போதாதா என்று மனம் கெஞ்சியது.

போதாது. கட்டுவிரியன் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. பிள்ளைகள் தரையில் படுத்திருக்கிறார்கள்.

"தம்பி, நான் சொல்றதக் கேட்டுப் பதறாதீங்க. நீங்க கொண்டாந்தது கடிக்கற பாம்பு இல்லீங்க. கடிச்சது இன்னும் உங்க ஊட்டுக்குள்ளதான் இருக்கும். இப்பவே போன் போட்டுப் புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். புரியவில்லை போல என்று நினைத்தேன். அதற்குள் அவர் கை சட்டைப் பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பார் என்றார், யாரிடம் என்றில்லாமல். மறுபடி அடித்தார். எண்ணை மாற்றி மாற்றி அழுத்திவிட்டுப் போனைக் கார் ஓட்டி வந்தவரிடம் கொடுத்தார். அவர்தான் ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்கிறது, அடிக்கிறது. ஒரு பக்கம் அந்தச் சத்தம், இன்னொரு பக்கம் என் கையில் காற்றுப் பை. மாதாவே, மாதாவே என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எடுத்தார்.

"அக்கா! புள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய ஓடுக்கா! உள்ள பாம்பு இருக்குதுக்கா! பாயத் தொடாதக்கா!"

அந்த அம்மா ஐயோ என்றது கேட்டது. பால் கேன் விழுந்த சத்தம், கதவு, பிறகு தூக்கம் கலைந்த சின்னப் பிள்ளை ஒன்று சிணுங்கும் குரல். "அம்மா எங்கக்கா?" என்று இன்னொரு குரல் கேட்டது. அது பெரியவள்.

குமரவேல் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். கார்க்காரர் கையிலிருந்த போனில் பிள்ளை இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அவர் அதை வாங்கவில்லை.

அன்று மதியம் பாம்பு பிடிக்கிறவர் வந்து பார்த்தபோது, சுவரோரம் மடித்து வைத்திருந்த போர்வைக்குள் கட்டுவிரியன் சுருண்டு கிடந்ததாம். சின்னவள் தலை வைத்துப் படுத்திருந்த இடத்துக்குக் கை எட்டும் தூரம்.

கோவைக்குப் போகும் வழியில் சாந்தாமணியின் இதயம் நின்றது. மறுபடி ஓட வைத்தார்கள். அவள் கண் திறக்கவில்லை. வெண்டிலேட்டரில் சில நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, குமரவேலின் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். உள்ளே இருந்ததை வேப்பமரத்தடியில் புதைத்தேன். சாகிற வரைக்கும் யாரையும் ஒன்றும் செய்யாத ஜீவன். அன்றைக்கு அதற்காகவும் கொஞ்சம் அழுதேன்.

ஒரே மருந்து

சில வாரம் கழித்துச் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று குமரவேல் கூட்டி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சீட்டு வாங்கி, மாத்திரை வாங்கி, எல்லாம் முடிந்த பிறகும் போகவில்லை. கூட்டம் குறையட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், ஒண்ணு கேக்கோணுங்க. அன்னிக்கு டாக்டரு பாம்பப் பாக்காமயே ஊசி போட்டாரே, அது எப்பிடீங்க? எந்தப் பாம்புக்கும் ஒரே மருந்துதானுங்களா?"

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். முதல் உண்மையைச் சொன்னதற்காவது பிள்ளைகள் உயிர் என்று ஒரு காரணம் இருந்தது. இதை எதற்குச் சொல்ல வேண்டும்? வேறு வேறு மருந்துதான் தம்பி, பாம்பைப் பார்த்தால் நல்லதுதான், நீங்கள் செய்ததில் தப்பில்லை என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் இரவில் தூங்குவார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவர் தொடர்ந்தார். "எங்க தோப்புப் பக்கம் எல்லாரும் வந்து எங்கிட்டத்தான் கேக்கறாங்க. என்ன செய்யோணும், என்ன செய்யக் கூடாதுன்னு. நான் என்னன்னுங்க சொல்றது?"

நான் பொய் சொன்னால் அந்தப் பொய் அவரோடு நிற்காது. அடுத்த வீட்டிலும் விடிய விடியப் பாம்பைத் தேடுவார்கள்.

"ஆமாங்க தம்பி. நம்மூட்டுப் பக்கம் கடிக்கற வெசப் பாம்புக்கெல்லாம் எங்ககிட்ட இருக்கறது ஒரே மருந்துதானுங்க. பாம்பப் பாக்கோணும்னே இல்லீங்க. ஆளக் கண்ணுல பாத்தாப் போதும்."

"அப்ப நான் தேடாம அவளக் கூட்டிட்டு வந்திருந்தா..."

உங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் தப்பு செய்தவர்கள், நீங்கள் இல்லை என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

அன்றிரவு சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். இன்றைக்கும் சில நாள் அப்படி நினைப்பதுண்டு.

வெறுங்கை

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவர் குமரவேல். நடுவில் ஒரு ஆள், கடைசியில் அவனைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். யார் கையிலும் பை இல்லை, டப்பா இல்லை.

"கால்ல கடிச்சிருச்சுங்க. என்ன பாம்புன்னு தெரியாதுங்க. இவனுங்க தடியத் தூக்கிட்டுத் தேடக் கெளம்புனானுங்க, ரெண்டு அப்பு அப்பி வண்டில ஏத்திட்டு வந்துட்டேன்" என்றார்.

நடுவில் இருந்தவன் அவரோடு மில்லில் வேலை செய்கிறவன், இளவட்டம். இமை இறங்க ஆரம்பித்திருந்தது. மருந்தை உடனே ஏற்றினோம். அன்றிரவு டாக்டர் அவன் பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று அவன் அம்மாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் அவனைத் திட்டுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் குமரவேல் நின்றிருந்தார். அந்த அம்மா அவரையும் கும்பிட்டார். நீதான் சாமி எம்பையனக் காப்பாத்துனே என்றார். அவர் தலையசைத்தார். பார்வை மட்டும் அந்தப் பையனை விட்டு நகரவில்லை. அவன் டீயை ஊதிக் குடிப்பதை, கண்ணை நன்றாகத் திறந்து சிரிப்பதை, கையை நீட்டிப் பிஸ்கட் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"இவ்வளவுதானுங்களா, சிஸ்டர்?"